சாயக்கழிவு நீரும் கிராஃபீனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"கழிவுநீரை நொடியில் குடிநீராக்கும் கிராஃபீன்" என்று ஒரு செய்தி அவ்வப்போது வாட்ஸ்அப்பில் சுற்றும். சாயக்கழிவு நீரைச் சோதிக்கும் வேலையில் இருப்பதால், அது சுற்றிய மறுநாளே என்னிடம் கேள்விகள் வந்துவிடும். கேட்பவர்களில் திருப்பூர் சாயப்பட்டறைக்காரர்களும் உண்டு, ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் முதுகலை மாணவர்களும் உண்டு. இருவருக்கும் சந்தேகம் பெரும்பாலும் ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைக் கீழே வைத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி எழுதப்பட்டவை. வரிசையாகப் படிப்பது நல்லது.

கிராஃபீன் என்பது பென்சில் கரிதானே? அதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

பென்சிலில் இருப்பது களிமண் கலந்த கிராஃபைட். கிராஃபைட்டில் கார்பன் அணுக்கள் அறுகோண வலைகளாகப் பின்னி, ஏடு ஏடாக ஒன்றின் மேல் ஒன்று கிடக்கின்றன. அதில் ஒரே ஓர் ஏட்டைத் தனியாகப் பிரித்தால் அதுதான் கிராஃபீன். கனம் ஓர் அணு. 2004இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆந்த்ரே கைமும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் சாதாரண ஒட்டும் நாடாவால் கிராஃபைட்டை உரித்து உரித்து அந்த ஏட்டைப் பிரித்துக் காட்டினார்கள். 2010இல் இயற்பியல் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது.

மூலப்பொருள் நமக்குத் தூரத்தில் இல்லை. சிவகங்கையில் தமிழ்நாடு கனிம நிறுவனம் கிராஃபைட் வெட்டி எடுக்கிறது. இலங்கையின் போகல, கஹடகஹ சுரங்கங்களில் கிடைக்கும் கிராஃபைட்டின் தூய்மை உலகப் புகழ் பெற்றது.

இது தண்ணீரை எப்படிச் சுத்தம் செய்யும்? வடிகட்டியா, மருந்தா?

மூன்று வேலைகளுக்கு இதைப் பயன்படுத்துகிறார்கள். அழுக்கைத் தன் மேல் ஒட்டவைத்துக்கொள்வது முதலாவது. பாடப்புத்தகம் இதைப் பரப்புக்கவர்தல் என்கிறது. வெளிச்சத்தின் உதவியால் அழுக்கைச் சிதைக்கும் வினையூக்கிக்குத் துணையாக நிற்பது இரண்டாவது. சவ்வாக நின்று தடுப்பது மூன்றாவது. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பெரும்பங்கு முதல் வேலையைப் பற்றியது என்பதால் இங்கும் அதற்கே அதிக இடம்.

ஒட்டவைக்க இடம் வேண்டும். ஏட்டின் இரு பக்கமும் திறந்திருப்பதால், ஒரு கிராம் கிராஃபீனுக்குக் கணக்குப்படி 2630 சதுர மீட்டர் பரப்பு உண்டு. ஒட்டிக்கொள்ளக் காரணமும் வேண்டும். சாயம், பீனால், பல பூச்சிக்கொல்லிகள், மருந்துகள் ஆகியவற்றின் மூலக்கூறுகளில் பென்சீன் வளையங்கள் இருக்கின்றன. தட்டையான அந்த வளையம் தட்டையான கார்பன் வலையின் மேல் படுத்துக்கொள்ளும். வளையத்தின் மேலும் வலையின் மேலும் பரவிக் கிடக்கும் பை எலெக்ட்ரான்களால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும். இதோடு மின்னேற்ற ஈர்ப்பு, ஹைட்ரஜன் பிணைப்பு, தண்ணீரை விரும்பாத மூலக்கூறு தண்ணீரை விட்டு விலகப் பார்ப்பது எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

சாயத்தை மட்டும்தான் பிடிக்குமா?

இல்லை. குளோர்பைரிஃபாஸ் போன்ற பூச்சிக்கொல்லி, பிளாஸ்டிக்கிலிருந்து வரும் பிஸ்பீனால்-ஏ, டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் எல்லாவற்றிலும் சோதித்திருக்கிறார்கள். மருந்துக் கழிவை யாரும் இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹைதராபாத் அருகே பட்டான்செருவில், மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேவிடும் நீரிலேயே லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. மாத்திரை சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில் இருக்கும் அளவைவிட அது அதிகம்.

எண்ணெய்க்கும் வழி உண்டு. சீனாவின் ஜெஜியாங் பல்கலைக்கழகக் குழு 2013இல் கிராஃபீனும் கார்பன் நானோகுழாயும் சேர்த்துச் செய்த பஞ்சு, தன் எடையைப்போல் 900 மடங்கு வரை எண்ணெயை உறிஞ்சியது. அதன் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.16 மில்லிகிராம்தான்.

உப்பும் போய்விடுமா? டி.டி.எஸ். குறையுமா?

குறையாது. டி.டி.எஸ். என்பது நீரில் கரைந்திருக்கும் உப்பு முதலானவற்றின் மொத்த அளவு. பட்டறைக்காரர்கள் முதலில் கேட்பது இதைத்தான், ஏமாறுவதும் இதில்தான். சோடியம், குளோரைடு, சல்பேட் அயனிகளில் கார்பன் வலை மேல் படுக்க வளையம் எதுவும் கிடையாது. பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் (நூலோடு வேதிப்பிணைப்பு கொள்ளும் சாயம்) ஏற்றும்போது ஒரு லிட்டர் சாயத் தொட்டிக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்போ, சோடியம் சல்பேட்டான கிளாபர் உப்போ போடுகிறார்கள். அந்த உப்பு முழுவதும் அப்படியே கழிவில் வந்து நிற்கும். அதை எடுக்க ஆர்.ஓ.வும் (அழுத்தத்தால் நீரைச் சவ்வின் வழியே தள்ளி உப்பைத் தடுக்கும் முறை) ஆவியாக்கியும்தான் வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. டி.டி.எஸ். மீட்டர் தண்ணீரின் மின்கடத்துதிறனை அளந்துதான் கணக்குச் சொல்கிறது. லிட்டரில் சில மைக்ரோகிராம் பூச்சிக்கொல்லி இருந்தாலும் அதன் முள் அசையாது. "மீட்டரில் 150 காட்டுகிறது, தண்ணீர் சுத்தம்" என்று யாராவது சொன்னால், உப்பு குறைவு என்பது மட்டும்தான் அதற்குப் பொருள்.

கிராஃபீன், கிராஃபீன் ஆக்சைடு, ஆர்.ஜி.ஓ. எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றல்ல, தண்ணீர் வேலையில் இந்த வேறுபாடுதான் எல்லாமும். சுத்தக் கிராஃபீன் தண்ணீரோடு சேராது, கலக்கினால் கட்டி தட்டிவிடும். அதை ஆக்சிஜனேற்றம் செய்தால் ஏட்டின் மேலும் ஓரங்களிலும் ஹைட்ராக்சில், எப்பாக்சி, கார்பாக்சில் தொகுதிகள் வந்து உட்காரும். அதுவே கிராஃபீன் ஆக்சைடு. தண்ணீரில் நன்றாகக் கலந்து, கடும் தேநீர் நிறத்தில் நிற்கும். எதிர் மின்னேற்றம் கொண்டது.

அந்தத் தொகுதிகளில் பெரும்பகுதியை வேதிப்பொருளாலோ சூட்டாலோ மீண்டும் அகற்றினால் ஒடுக்கப்பட்ட கிராஃபீன் ஆக்சைடு, அதாவது ஆர்.ஜி.ஓ., கிடைக்கும். நிறம் கறுக்கும், மின்னேற்றம் குறையும், வளையங்களைப் பிடிக்கும் வெற்றுக் கார்பன் பரப்பு திரும்பும். விற்பனையாளர் வெறுமனே "கிராஃபீன்" என்று சொன்னால் இந்த மூன்றில் எது என்று முதலில் கேளுங்கள்.

கட்டுரையில் 99 சதவீதம் சாயம் போனது என்று போட்டிருக்கிறது. எங்கள் தண்ணீரில் ஏன் போகவில்லை?

கட்டுரையில் எந்தச் சாயம் என்று பாருங்கள். பத்துக்கு எட்டு இடங்களில் மெத்திலீன் நீலமாக இருக்கும். இல்லாவிட்டால் ரோடமின். இரண்டும் நேர் மின்னேற்றம் கொண்டவை. எதிர் மின்னேற்றமுள்ள கிராஃபீன் ஆக்சைடைக் கண்டதும் ஓடிப்போய் ஒட்டும். போதாக்குறைக்கு அவற்றைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்திருப்பார்கள். மாணவர் கையில் 99 வராவிட்டால்தான் ஆச்சரியம்.

திருப்பூர்ப் பின்னலாடையில் ஓடுவது ரியாக்டிவ் சாயம். நூலோடு சேராமல் நீரோடு வினைபுரிந்து வீணாகிப்போன பகுதி கழிவில் வருகிறது. அந்த மூலக்கூறில் சல்போனேட் தொகுதிகள் தொங்குகின்றன. அவையும் எதிர் மின்னேற்றம். கிராஃபீன் ஆக்சைடும் எதிர், சாயமும் எதிர். ஒன்றையொன்று தள்ளும். சாயம் நூலில் பிடிக்கச் சோடா போட்டுக் காரத்தன்மையை ஏற்றியிருப்பதால், ஆக்சைடின் கார்பாக்சில் தொகுதிகள் முழுவதுமாக அயனியாகி இன்னும் பலமாகத் தள்ளும். இதோடு உப்பு. அது மின்னேற்றத்தை மறைத்துத் தள்ளுதலைக் கொஞ்சம் தணிக்கும் என்றாலும், ஏடுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துத் திரளாகத் தரையில் உட்காரவைத்துவிடும், பரப்பு பாழ். கடினநீரின் கால்சியம் இதை இன்னும் வேகமாகச் செய்யும். கழிவில் சாயம் மட்டுமா இருக்கிறது? சோப்பு, மென்மையாக்கி, பஞ்சின் மெழுகு எல்லாம் அதே இடத்துக்குப் போட்டியிடும்.

வழி இல்லாமல் இல்லை. ஆர்.ஜி.ஓ.வுக்கு மாறலாம். கைட்டோசான் போன்ற அமீன் தொகுதியுள்ள பொருளை ஆக்சைடோடு சேர்த்து நேர் மின்னேற்றம் ஏற்றலாம். அமிலம் சேர்த்து பி.எச்.ஐக் குறைக்கலாம், ஆனால் லாரி லாரியாகத் தண்ணீர் ஓடும் இடத்தில் அமிலச் செலவையும், அதை நடுநிலையாக்கும்போது கூடும் உப்பையும் யார் தலையில் கட்டுவது? ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: மெத்திலீன் நீலத்தை விட்டுவிட்டு, ஒரு குடம் உண்மையான சாயக்கழிவை எடுத்து வந்து சோதியுங்கள். சதவீதம் 40 என்று வந்தாலும் அது பயன்படும் எண்.

தேங்காய்ச் சிரட்டைக் கரியைவிட இது எவ்வளவு மேல்?

சிரட்டையிலிருந்து செய்யும் ஆக்டிவேட்டட் கார்பனின் பரப்பு பொதுவாகக் கிராமுக்கு 500 முதல் 1500 சதுர மீட்டர். அதன் பெரும்பகுதி 2 நானோமீட்டருக்கும் குறுகிய துளைகளுக்குள் இருக்கிறது. பெரிய சாய மூலக்கூறு உள்ளே நுழையச் சிரமப்படும், நுழைந்தாலும் மெதுவாகத்தான் போகும். கிராஃபீன் ஏட்டில் பரப்பு வெளியே விரிந்து கிடப்பதால் பிடிப்பு வேகமாக நடக்கிறது. பெரிய மூலக்கூறுகளுக்கு இது உண்மையான அனுகூலம்.

ஆனால் 2630 என்ற எண் தனியாக மிதக்கும் ஏட்டுக்கானது. உலர்த்தினால் ஏடுகள் மறுபடி அடுக்கிக்கொண்டு, அளந்து பார்க்கையில் சில நூறு சதுர மீட்டர்தான் மிஞ்சும். விலையையும் சேர்த்துப் பார்த்தால், சாதாரணப் பட்டறைக்கு இன்றைக்குச் சிரட்டைக் கரியே லாபம் என்பது என் கருத்து. சிறிய அளவில், விலை உயர்ந்த நீரில், மற்றவை பிடிக்காத ஒரு குறிப்பிட்ட மாசுக்கு வேண்டுமானால் கிராஃபீன் கணக்கு வேறு.

தூளைத் தண்ணீரில் போட்டுவிட்டால் பிறகு எப்படி வெளியே எடுப்பது?

சரியான கேள்வி. கட்டுரைகள் இதை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன: "மையவிலக்கியால் பிரிக்கப்பட்டது." நாளுக்குப் பல லட்சம் லிட்டருக்கு அந்த மையவிலக்கியை யார் ஓட்டுவது? கிராஃபீன் ஆக்சைடை வடிதாளில் ஊற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் சில துளிகள் இறங்கும், பிறகு ஏடுகள் தாளின் மேல் பளபளப்பான பழுப்புத் தோலாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். இரவு முழுவதும் விட்டாலும் புனலில் தண்ணீர் அப்படியே நிற்கும்.

அதனால் ஏதாவது ஒன்றில் கட்டிவைக்கிறார்கள். இரும்பு ஆக்சைடு மேக்னடைட்டோடு சேர்த்தால் காந்தத்தை வைத்து இழுத்துவிடலாம். கடற்பாசியிலிருந்து வரும் ஆல்ஜினேட்டில் கலந்து மணிகளாக உருட்டலாம். பஞ்சுபோன்ற ஏரோஜெல்லாக உறையவைக்கலாம். எனக்குப் பிடித்தது சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பின் குழு 2012இல் வெளியிட்ட முறை. கரும்புச் சர்க்கரையை மணல் மேல் பூசி, சூடாக்கி, கிராஃபீன் தன்மையுள்ள கார்பன் படலமாக அதை மாற்றினார்கள். பசை எதுவும் இல்லை. ரோடமின் 6ஜி சாயத்தையும் குளோர்பைரிஃபாஸையும் அது பிடித்தது. மணல் என்பதால் குழாயில் நிரப்பி மேலிருந்து தண்ணீர் விட்டாலே போதும், பிரிக்கும் தலைவலி இல்லை. அமிலத்தில் கிராஃபைட்டைப் போட்டுக் காய்ச்சும் வேலையும் இல்லை; அந்த வேலை எப்படிப்பட்டது என்பதை அடுத்த பதிலில் பாருங்கள்.

கல்லூரி ஆய்வகத்தில் நாங்களே கிராஃபீன் ஆக்சைடு செய்யலாமா?

செய்யலாம், அனுபவமுள்ளவர் பக்கத்தில் நிற்க வேண்டும். வழக்கமான வழி 1958இல் ஹம்மர்ஸும் ஆஃப்மேனும் வெளியிட்டது: கிராஃபைட், அடர் கந்தக அமிலம், சோடியம் நைட்ரேட், பொட்டாசியம் பெர்மாங்கனேட். பெர்மாங்கனேட்டும் அடர் அமிலமும் சேர்ந்து மாங்கனீஸ் ஹெப்டாக்சைடு உருவாகிறது. அது 55 டிகிரிக்கு மேல் வெடிக்கக்கூடியது. அதனால்தான் குடுவையைப் பனிக்கட்டியில் வைத்து, பெர்மாங்கனேட்டைச் சிட்டிகை சிட்டிகையாகப் போடச் சொல்கிறார்கள். அவசரக்காரர்களுக்கான வேலை இல்லை. நைட்ரேட் நச்சு வாயுவைக் கிளப்பும் என்பதால், அதை விட்டுவிட்டு பாஸ்பாரிக் அமிலம் சேர்க்கும் முறை 2010இல் வந்தது. முடிந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

கடைசியில் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டதும் கரும்பழுப்புக் குழம்பு பளிச்சென்று மஞ்சளாகும். எல்லோரும் அதைப் படம் எடுப்பார்கள். பாடு அதற்குப் பிறகுதான். அமிலம் போகும்வரை கழுவ வேண்டும். கழுவக் கழுவ ஏடுகள் உப்பிக் கூழாகி, மையவிலக்கியிலும் அடியில் இறங்க மறுக்கும். ஒரு சில கிராம் பொருளுக்கு லிட்டர் கணக்கில் மாங்கனீஸ் கலந்த அமில நீர் சேரும். அதைச் சுண்ணாம்பு போட்டு நடுநிலையாக்கி முறைப்படி அகற்றாமல் தொட்டியில் கொட்டிவிட்டு, "நீர் மாசு நீக்கம்" என்று ஆய்வேட்டுக்குத் தலைப்பு வைப்பவர்கள் இருக்கிறார்கள். என்ன சொல்வது!

வெயிலில் வைத்தால் சாயம் தானாக அழிந்துவிடும் என்கிறார்களே?

கிராஃபீன் தனியாக இதைச் செய்யாது. டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற ஒளிவினையூக்கியின் மேல் புற ஊதாக் கதிர் பட்டால் ஓர் எலெக்ட்ரான் எழும்பும், அது இருந்த இடத்தில் வெற்றிடம் உண்டாகும். இரண்டும் நீரோடும் ஆக்சிஜனோடும் வினைபுரிந்து, கரிமப் பொருளைக் கடித்துக் குதறும் ஹைட்ராக்சில் தனி உறுப்புகளை (ரேடிக்கல்களை) உண்டாக்குகின்றன. ஆனால் எழும்பிய எலெக்ட்ரான் பெரும்பாலும் கண்ணிமைக்கும் முன்பே பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். கிராஃபீனின் வேலை அந்த எலெக்ட்ரானை வாங்கி நகர்த்திக்கொண்டுபோவது. கூடவே சாயத்தை அருகில் இழுத்து வைப்பதும்.

சிக்கல் வெளிச்சத்தில். டைட்டானியம் டை ஆக்சைடுக்கு ஏறக்குறைய 387 நானோமீட்டருக்குக் கீழான கதிர் வேண்டும். நம் வெயிலில் புற ஊதாவின் பங்கு சுமார் 5 சதவீதம்தான். அடர்ந்த நிறமுள்ள கழிவில் அந்தக் கொஞ்சமும் மேல் விரற்கடை அளவிலேயே தடுக்கப்பட்டுவிடும். முதலில் நிறத்தைப் பெருமளவு குறைத்துவிட்டு, கடைசிக் கட்டத்தில் மிச்சத்தைச் சிதைக்க இந்த முறை பொருந்தும்.

நிறம் போய்விட்டது. அப்படியென்றால் தண்ணீர் சுத்தம்தானே?

கண்ணை நம்பாதீர்கள். குளுக்கோஸும் காஸ்டிக் சோடாவும் உள்ள புட்டியில் மெத்திலீன் நீலம் சேர்த்துச் சும்மா வைத்தால் நிறம் மறையும். குலுக்கினால் காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு நீலம் திரும்பும். பள்ளிக் கண்காட்சிகளில் பார்த்திருப்பீர்கள். மறைந்தபோது சாயம் எங்கும் போகவில்லை, நிறமற்ற வடிவத்துக்கு மாறியிருந்தது, அவ்வளவுதான்.

அசோ சாயங்களில் நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு அறுந்தாலே நிறம் போய்விடும். மூலக்கூறின் துண்டுகள் நீரிலேயே நிற்கலாம். அசோ பிணைப்பு ஒடுக்கத்தால் (ஆக்சிஜனேற்றத்துக்கு எதிரான வினையால்) அறுந்தால் அவை அரோமேட்டிக் அமீன்களாக இருக்கும். அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை. ஏற்றுமதிக்காரர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானது. அத்தகைய அமீன்களை வெளிவிடும் சாயங்களை 1990களில் ஜெர்மனி தடைசெய்தபோது திருப்பூரே சாயப் பட்டியலை மாற்ற வேண்டியிருந்தது. ஆகவே நிறமானி அளவோடு நிற்காமல், கரிமப் பொருளை ஆக்சிஜனேற்றம் செய்யத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவான சி.ஓ.டி.யையும் மொத்தக் கரிமக் கார்பனையும் கேளுங்கள். நிறம் 95 சதவீதம் குறைந்து கார்பன் 30 சதவீதம்தான் குறைந்திருந்தால், மீதி இன்னும் தண்ணீரில்தான் இருக்கிறது.

பிடித்த சாயம் கடைசியில் எங்கே போகும்?

ஒட்டிய சாயத்தை எத்தனாலோ காஸ்டிக் கரைசலோ கொண்டு கழுவி எடுத்துவிட்டுப் பொருளைத் திரும்பப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் பிடிக்கும் திறன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். கழுவியதில் கிடைப்பது அடர்ந்த சாயக் கரைசல். அதை எரிக்க வேண்டும், அல்லது சிதைக்க வேண்டும். சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்ட காலத்தில் மலைபோல் குவிந்த கசடை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பரப்புக்கவர்தல் அழுக்கை இடம் மாற்றுகிறது. அடுத்த இடம் எது என்ற பதில் இல்லாத திட்டத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

கிராஃபீன் ஆக்சைடு சவ்வு வந்தால் ஆர்.ஓ. தேவையில்லையாமே?

ஏடுகளை அடுக்கிச் சவ்வாக்கினால் இடைவெளிகளில் தண்ணீர் விரைந்து போகும், பெரிய மூலக்கூறுகள் நிற்கும். சாயத்தைத் தடுக்க இது நல்ல சவ்வு. உப்புக்குத்தான் முட்டுக்கட்டை: தண்ணீரில் நனைந்ததும் சவ்வு உப்பி, ஏடுகளின் இடைவெளி சுமார் 1.35 நானோமீட்டராக விரியும். சோடியம் அயனி தாராளமாக நுழைந்துவிடும். மான்செஸ்டரில் கேரளத்துக்காரரான ராகுல் நாயரின் குழு 2017இல் எப்பாக்சி பிசினால் சவ்வை இறுக்கிப் பிடித்து அந்த உப்புதலைத் தடுத்துக் காட்டியது. ஆய்வகத்தில் அது பெரிய சாதனை. ஆர்.ஓ.வை விற்றுவிடும் நாள் இன்னும் வரவில்லை.

இந்தப் பொருளே நச்சு இல்லையா?

அளவையும் ஏட்டின் நீள அகலத்தையும் பொறுத்து, கிராஃபீன் ஆக்சைடு செல்களையும் பாக்டீரியாக்களையும் பாதிப்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. உலர்ந்த தூளைச் சுவாசிப்பதுதான் வேலை செய்பவருக்கு முதல் ஆபத்து. முகக்கவசம் இல்லாமல் புட்டியைத் திறக்காதீர்கள். தண்ணீர்ப் பக்கத்தில், பொருள் கழன்று வெளியே வருகிறதா என்பதே கேள்வி. மேலே சொன்ன கட்டிவைக்கும் முறைகளுக்கு இது இன்னொரு காரணம். உயிரியல் தொட்டிக்கு முன்னால் இதைப் போடுவதாக இருந்தால், கழன்று வரும் ஏடு அங்குள்ள பாக்டீரியாக்களை என்ன செய்யும் என்றும் பார்க்க வேண்டும்.

வீட்டு வாட்டர் பியூரிஃபையரில் "கிராஃபீன்" என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா?

உள்ளே எத்தனை கிராம், எந்த வகை, எந்த மாசுக்குச் சோதித்தார்கள், எத்தனை லிட்டருக்குப் பிறகு மாற்ற வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தச் சொல்லுக்கு மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

எங்கள் பட்டறையில் இன்றைக்கே போடலாமா? ஒரு கம்பெனிக்காரர் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

முதலில் சட்டம். நொய்யல் ஆற்றில் விட்ட கழிவால், பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையே சாயக்குட்டையானதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் உங்களுக்குத் தெரியும். இன்று நடப்பது பூஜ்ஜியக் கழிவு வெளியேற்றம்: உயிரியல் தொட்டி, நிறநீக்கம், வடிகட்டல், ஆர்.ஓ., ஆவியாக்கி. எந்தப் புதுப்பொருளும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாகத்தான் நுழைய முடியும், சங்கிலிக்குப் பதிலாக அல்ல. எனக்குத் தெரிந்து இரண்டு இடங்கள் பொருத்தமானவை. ஆர்.ஓ.வுக்கு முன்னால் சவ்வில் படியும் கரிமத்தைக் குறைப்பது ஒன்று. ஆர்.ஓ.வின் கழிவு உப்புநீரில் மிஞ்சும் நிறத்தை எடுத்து, அந்த உப்புநீரைத் திரும்பச் சாயத் தொட்டிக்கே அனுப்புவது இன்னொன்று. உப்பு விலையைப் பார்த்தால் இரண்டாவதில்தான் காசு இருக்கிறது. ஆனால் அங்கேதான் உப்பும் அடர்த்தியாக நிற்கிறது என்பதால், 99 சதவீதக் கேள்வியில் சொன்ன எல்லாச் சிக்கலும் அங்கே இரட்டிப்பாகும்.

பிறகு கணக்கு. நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர், லிட்டருக்கு 100 மில்லிகிராம் சாயம் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 10 கிலோ சாயம். பொருள் கிராமுக்கு 200 மில்லிகிராம் பிடிக்கும் என்று அவர் சொன்னால், நாளுக்கு 50 கிலோ பொருள் வேண்டும், அல்லது அன்றாடம் அவ்வளவையும் கழுவித் திரும்பப் போட வேண்டும். அவர் சொல்லும் 200கூட, பரப்பு முழுவதும் நிரம்பினால் எவ்வளவு பிடிக்கும் என்று கணிக்கும் லாங்மூர் சமன்பாட்டிலிருந்து வரும் உச்ச அளவாக இருக்கும். அடர்ந்த கரைசலில் மட்டும் எட்டக்கூடியது. வெளியேறும் நீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் சாயம் இருக்க வேண்டுமென்றால், அந்த அடர்த்தியில் கிராமுக்கு எவ்வளவு பிடிக்கிறது என்பதே உங்களுக்கு வேண்டிய எண். அதை அவர் தரட்டும், அதுவும் உங்கள் தொட்டியிலிருந்து எடுத்த நீரில், குழாயில் நிரப்பித் தொடர்ந்து ஓட்டி அளந்ததாக. கழுவிய சாயக் கரைசலை அவரே எடுத்துக்கொண்டு போவாரா என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.